தம்பிக்கு யாரோ கொடுத்த குரல்

என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கேட்காததால் பேச்சும் வரவில்லை. எங்கள் வீட்டில் அவனோடு கையால் முழுதாகப் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, கையைக் காட்டித்தான் வேலை நடக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் மகனிடம் சாப்பிட்டாயா, தூங்கு, அதைத் தொடாதே என்பதற்கு மேல் அவர் கை போனதில்லை. அம்மா அவன் முகத்துக்கு நேரே நின்று உரக்கப் பேசுவாள். உரக்கப் பேசினால் ஒருநாள் கேட்டுவிடும் என்று சாகும்வரை நம்பினாள்.

தம்பி காது கேளாதோர் பள்ளியில் படித்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அங்கே கற்ற சைகை மொழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நெற்றியில் பொட்டு வைப்பதுபோல ஒரு விரலால் தொட்டால் அது நான், அக்கா. இங்கே அவன் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் அவன் கையால் சொன்னது.

படிப்பு முடிந்து தட்டாஞ்சாவடியில் இரும்பு அலமாரி செய்யும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். அதே பள்ளியில் படித்த, கடலூர்ப் பக்கத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கும் காது கேட்காது. அவர்களும் அப்பாவும் ரெட்டியார்பாளையம் வீட்டில் இருந்தார்கள். நான் கல்யாணமாகி அடுத்த தெருவில். விழுப்புரம் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை.

அவன் வீடியோ எடுக்க ஆரம்பித்தது ஒரு வயிற்றுவலியால். நான் ஊரில் இல்லாத நாள் பார்த்து வலி வந்திருக்கிறது. தனியாகவே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். நர்ஸ் ஏதோ கேட்க, பின்னால் கூட்டம் நிற்கிறதே என்று கூச்சப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டான். அசிடிட்டிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் குடல்வால் வெடித்து, சீழ் பரவி, பிழைத்ததே பெரிய விஷயம். தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும் என்னிடம் அவன் கேட்ட முதல் காரியம், போனைப் பிடி என்பதுதான்.

சுவரோரம் நின்றுகொண்டு, டாக்டரிடம் வலியை எப்படிக் காட்டுவது என்று செய்து காட்டினான். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, குத்துகிறதா எரிகிறதா, சாப்பிட்டால் கூடுகிறதா. கடைசியில் கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னான்: "புரியலன்னா தலையாட்டாத. புரியலன்னு எழுதிக் காட்டு. கூட்டம் நிக்கட்டும்."

அதைப் பள்ளிக்கால நண்பர்களுக்கு அனுப்பினான். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். பிறகுதான் சேனல் என்று ஒன்றை ஆரம்பித்தோம். பேங்கில் கணக்குத் தொடங்குவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பஸ் பாஸைக் கண்டக்டர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது, இப்படி. நடுவில் விளையாட்டாகவும் சில. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிறவரின் வாய் எப்படிப் போகும் என்று ஒருமுறை நடித்துக் காட்டினான். கண்ணை உருட்டி, கழுத்து நரம்பு புடைக்க, மீன் மாதிரியே வாயைத் திறந்து திறந்து மூடினான். அதைப் பார்த்து அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவள் ஏழு மாதம்.

எங்கள் வீடியோக்களில் சத்தமே இருக்காது. நான் எடுக்கும்போது என் இருமல், தெருவில் போகிற வண்டி, பக்கத்து வீட்டு மிக்சி எல்லாம் பதிவாகிவிடும். ஏற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்வான். தனக்கு இல்லாத ஒன்று தன் வீடியோவில் எதற்கு என்பது அவன் கட்சி. காது கேட்கிற யாராவது வந்து பார்த்துவிட்டு ஆடியோ வரவில்லை என்று எழுதுவார்கள். அவனுக்கு அது பெரிய வேடிக்கை. அப்படி எழுதியவர்களுக்கெல்லாம் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவைப்பான்.

பார்க்கிறவர்கள் அதிகமில்லை. ஆனால் பார்த்தவர்கள் அவனை விடவில்லை. விழுப்புரம், திண்டிவனம், சிதம்பரம் என்று பல ஊர்களிலிருந்து கையால் பேசி வீடியோவாகவே பதில் அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் காது கேளாதவர்கள் கூடுவார்கள். அங்கே விழுப்புரத்திலிருந்து ஒரு வயதான தையல்காரர் வருவார். எல்லோருக்கும் பெரியவர் அவர். தம்பி போனால் அவர் எழுந்து இடம் விடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த ஆஸ்பத்திரி வீடியோவை எவனோ திருடினான். தன் பக்கத்தில் போட்டு, பாட்டுச் சேர்த்து, நடுவில் ஏதோ ஒரு லேகியத்துக்கு விளம்பரமும் வைத்திருந்தான். நாங்கள் புகார் கொடுத்தோம். எல்லாம் இங்கிலீஷில். நான் மருந்துச் சீட்டுப் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவள். தெரிந்த அளவில் எழுதினேன். திருடியவன் பதிலுக்கு, நாங்கள்தான் அவனிடமிருந்து திருடினோம் என்று புகார் கொடுத்துவிட்டான். சேனலுக்கு எச்சரிக்கை வந்தது. இன்னும் ஓரிரண்டு வந்தால் சேனலே போய்விடும் என்று போட்டிருந்தது. தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நெட்வொர்க்கிலிருந்து என்று சொல்லி ஒருவர் போன் செய்தார். காது கேட்கிறவர்கள் தொடர்புகொள்ள என் நம்பரைத்தான் சேனலில் போட்டிருந்தோம். சென்னையில் ஆபீஸ். சின்னச் சின்ன சேனல்களைத் தங்களோடு சேர்த்து நடத்துகிற கம்பெனி என்றார். திருட்டு, புகார் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விளம்பரம் பிடித்துத் தருவார்கள். வருகிறதில் அவர்களுக்கு ஒரு பங்கு. சேனல் அவர்கள் கணக்கோடு இணைந்திருக்கும். மரியாதையான குரல், வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர். அந்த எச்சரிக்கையைப் பற்றிச் சொன்னேன். ஒரே வாரத்தில் எடுத்துவிடலாம் என்றார்.

நான் அப்படியே நம்பிவிடவில்லை. முத்தியால்பேட்டையில் ரவிக்கை வெட்டக் கற்றுக்கொடுத்து வீடியோ போடும் ஒரு அக்காவைத் தெரியும். அவர் வேறொரு நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தார். நேரில் போய்க் கேட்டேன். "எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா. மாசாமாசம் வந்துடுது. நான் உண்டு என் கத்திரி உண்டுன்னு இருக்கேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. இன்றைக்கும் அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். தம்பிக்குச் சேர வேண்டும். இன்னும் நிறையப் பேருக்குப் போய்ச் சேரும், எச்சரிக்கையும் நீங்கும் என்றான். அவன் மனைவிக்குப் பிடிக்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையாலேயே பேசினாள். "நம்ம வீட்டு சாவிய எதுக்கு இன்னொருத்தர்கிட்ட குடுக்கணும்?" திருடன் உள்ளே வந்துவிட்டானே, சாவியை நாம் வைத்திருந்து என்ன பயன் என்று தம்பி கேட்டான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஒப்பந்தம் இங்கிலீஷில் வந்தது. நான் மெதுவாகப் படித்தேன். காலம் மூன்று வருடம். வீடியோக்களை வெட்டவும் மாற்றவும் வேறு இடங்களில் வெளியிடவும் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றிப் போனில் கேட்டேன். எல்லாருக்கும் போடுகிற வரிதான், நீளமான வீடியோவைச் சின்னதாக வெட்டிப் போடுவோம், அவ்வளவுதான் என்றார். வெட்டுவது என்றால் வெட்டுவதுதான் என்று நினைத்துக்கொண்டு தம்பிக்கு அப்படியே சொன்னேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

சொன்னபடி செய்தார்கள். திருடிய வீடியோ ஒரு வாரத்தில் காணாமல் போயிற்று. எச்சரிக்கை நீங்கியது. ஒரு விளக்கும் போனை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டும் கூரியரில் வந்தன. தம்பி அந்த விளக்கைத் துடைத்துத் துடைத்து வைப்பான். பார்க்கிறவர்கள் கூடினார்கள். அவன் இன்னும் கவனமாக எடுக்க ஆரம்பித்தான்.

பிறகு சில விசித்திரங்கள் நடந்தன. பட்டறையில் அதுவரை முகம் பார்க்காதவர்கள்கூட அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். மேஸ்திரி அவன் தோளைத் தட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருநாள் இந்திரா காந்தி சிலை பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு அம்மாள் வந்து அவன் சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகி, தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவன் பின்னாலேயே ஓடித் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறான். அந்த அம்மாள் வாங்கவில்லை. இதையெல்லாம் என்னிடம் சொல்லி, ஊருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. சேனலைப் பார்த்திருப்பார்கள், மரியாதை கூடியிருக்கும் என்றேன்.

மருந்துக் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். காது மந்தம் என்பதால் போனை முழுச் சத்தத்தில் வைத்துத்தான் பார்ப்பார். அன்றைக்கு அவருடைய பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் போனிலிருந்து வயலின் அழுகிற சத்தம். அதன் மேல் ஒரு ஆண் குரல், தொண்டை அடைக்க அடைக்கப் பேசியது. "நான் ஒரு ஊமைங்க. எனக்கும் உங்கள மாதிரி பேசணும்னு ஆசைதான். எவ்ளோ முயற்சி பண்ணாலும் வரமாட்டேங்குது பாருங்க." இப்படித்தான் தினம் ஏதாவது ஓடும். நான் மாத்திரையை வைக்கத் திரும்பினேன்.

போனில் என் தம்பி இருந்தான். கண்ணை உருட்டி, கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

மீன் ஏலம். எங்களைச் சிரிக்க வைத்த அதே வீடியோ. அதைத்தான் பேச முடியாமல் தவிக்கிற மனிதனாக மாற்றியிருந்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்து, "பாவம்மா இந்தப் புள்ள. பெத்த தாயே ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாளாம்" என்றார். அது என் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர் போனில் பார்த்தது எங்கள் சேனல் இல்லை. நெட்வொர்க்கின் சொந்தப் பக்கம் ஒன்று. லட்சக்கணக்கில் பார்க்கிறவர்கள் உள்ள பக்கம். மதியம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பஸ் பாஸ் வீடியோவில், கண்டக்டர் தன்னை இறக்கிவிட்டு அடித்ததாகக் குரல் அழுதது. பேங்க் வீடியோவில், கையேந்திப் பிழைப்பதாகச் சொன்னது. ஆஸ்பத்திரி வீடியோவில் அம்மா. எல்லாவற்றிலும் அவனே பேசுவதுபோல, நான் நான் என்றுதான் இருந்தது.

சாயங்காலம் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா கட்டிலில் படுத்திருந்தார். தம்பியையும் அவன் மனைவியையும் உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. "பாட்டு போட்டுருக்காங்களா? போட்டா போடட்டும்" என்றான். பாட்டு மட்டுமில்லை, குரல் என்றேன். யார் குரல்? உன் குரல் மாதிரி. எனக்கு ஏது குரல்?

போனை வாங்கித் தரையில் வைத்து, அதன் முதுகில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தான். அதிர்வு தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றான். சிறுவயதிலிருந்து அவனுக்காக எத்தனையோ பேர் பேச்சை நான் கையால் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்னது, தாசில்தார் சொன்னது, கல்யாணத்தன்று ஐயர் சொன்னது. அன்றைக்குத்தான் அவன் பேச்சையே அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நான் ஊமை. நான் பிச்சை. நான் நான் என்று என் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு அவன் முன்னால் செய்தேன். ஆஸ்பத்திரி வீடியோ வந்தது. அம்மா விட்டுவிட்டுப் போன இடத்தில் என் கை நின்றுவிட்டது.

"சொல்லு" என்றான்.

சொன்னேன். அம்மாவா என்று திரும்பக் கேட்டான். மறுபடி சொன்னேன். போன் பேசிக்கொண்டே இருந்தது. எங்களுக்குப் பின்னால் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் என்னைத் தவிர அந்தக் குரலைக் கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"அத நிறுத்துடி" என்றார்.

நிறுத்தினேன். தம்பி ஒன்றே ஒன்று கேட்டான். "எம் பேச்சு அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் நெனைச்சிருப்பாங்க இல்ல?" அவன் மனைவி எழுந்து போய், அந்த விளக்கை மடக்கி அட்டைப் பெட்டிக்குள் போட்டுக் கட்டினாள்.

மறுநாள் நெட்வொர்க்காரருக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவே இல்லை. "சிஸ்டர், ரீச் பாருங்க. கேக்குறவங்களுக்கு அந்த சைகை எப்படிப் புரியும்? எமோஷன் இருந்தாத்தான் நிப்பாங்க" என்றார். அது பொய் என்றேன். கன்டென்ட் சிஸ்டர் என்றார். உடனே எடுத்துவிடுங்கள் என்றதற்கு, மேலே பேச வேண்டும் என்றார். அன்றிலிருந்து எங்கள் சேனலில் எதையும் அழிக்க எங்களுக்கே அனுமதி இல்லை என்று வந்தது. சில நாளில் அந்தக் குரல் எங்கள் சேனலுக்குள்ளேயும் வந்துவிட்டது.

லீவு போட்டுவிட்டு நானும் தம்பியும் சென்னைக்கு பஸ் ஏறினோம். ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டிய பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஃபிரிட்ஜிலிருந்து பாட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். "தண்ணி சாப்டுங்கண்ணா" என்றார்.

அந்த இரண்டு சொல்லில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே குரல். தொண்டை அடைப்பு மட்டும் இல்லை. தம்பி பாட்டிலை வாங்கிக் கும்பிட்டான். நான் அவன் முழங்கையைத் தொட்டு, இவர்தான் என்று சொன்னேன்.

தம்பி அவரை ஏற இறங்கப் பார்க்கவில்லை. வாயை மட்டும் பார்த்தான். பிறகு என்னிடம், கேள் என்றான். "என் வீடியோல நான் இன்னா சொல்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?" நான் வாயால் கேட்டேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. தெரியாது, எழுதிக் கொடுப்பார்கள், படிப்பேன் என்றார். இனிமேல் படிக்காதீர்கள் என்று தம்பி சொன்னான். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் படிக்கலன்னா வேற ஆள் படிப்பாங்கண்ணா." அதையும் அப்படியே தம்பிக்குச் சொன்னேன். அவன் தலையாட்டினான். புரியாமல் ஆட்டவில்லை. புரிந்துதான் ஆட்டினான்.

உள்ளே இருந்த மேனேஜர் ஒப்பந்தத்தைக் காட்டினார். மூன்று வருடம் முடியும்வரை விட முடியாது. வேறு சேனலிலும் அவன் வரக்கூடாது. வேண்டுமானால் குரலை எடுத்துவிடுகிறோம், அதற்குப் பதில் வாரம் ஒரு வீடியோ அவன் வீட்டு வாழ்க்கையைக் காட்டி எடுத்துக் கொடுங்கள், மனைவி, குழந்தை, சாப்பாடு என்றார். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனோடு பேசவும் வழியில்லை.

போலீசுக்கும் போனோம். அங்கே இருந்தவர் பொறுமையாகவே கேட்டார். கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, கோர்ட்டில்தான் பார்க்க வேண்டும் என்றார். வக்கீல் ஒருவர், கேஸ் போடலாம், ஆனால் கம்பெனி எதிர்த்து நின்றால் இழுக்கும் என்றார். இழுத்துக்கொண்டு ஓட எங்களிடம் ஒன்றும் இல்லை.

அதைவிட மோசமானது அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பீச் ரோட்டுக்குத் தம்பியும் மனைவியும் குழந்தையோடு வந்தார்கள். நானும் போனேன். விழுப்புரத்துத் தையல்காரப் பெரியவர் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து இடம் விடவில்லை. குரல் அவர்கள் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அவர்கள் வீடுகளில் காது கேட்கிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் பேத்தி எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தாள்.

"நாங்க பிச்சைக்காரங்களா?" என்று கேட்டார். "உன்னப் பாத்துட்டு எம் மருமவ என்ன ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போவக் கூச்சப்படுறா. காசுக்கு எங்க எல்லாரையும் அழ வெச்சுட்ட."

தம்பி விளக்க ஆரம்பித்தான். ஆபீஸ், ஒப்பந்தம், யாரோ ஒருவர் படித்தது. அவன் கை வேகமாகப் போயிற்று. நானும் இடையில் புகுந்து, அவனுக்குத் தெரியாது என்று சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். கையால் பேசுகிறவர்களிடையே அதோடு பேச்சு முடிந்தது. கத்திக் கூப்பிட முடியாது. தம்பி அவர்கள் முதுகைப் பார்த்துப் பாதி வாக்கியத்தில் கையை இறக்கினான். அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதில்லை.

மூன்று வருடம் முடிவதற்குள் நெட்வொர்க்கே இல்லாமல் போய்விட்டது. போன் உபயோகத்தில் இல்லை என்றது. அந்த மாடியில் வேறு ஏதோ பெயர்ப் பலகை. விடுதலை என்று முதலில் நினைத்தேன். ஆனால் சேனல் இன்னும் அவர்கள் கணக்கோடுதான் கட்டியிருக்கிறது. உரிமையாளர் என்று பதிவாகியிருப்பவர் கேட்டால்தான் மாற்ற முடியும் என்று பதில் வருகிறது. அந்த உரிமையாளர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் புகார் எழுதி எழுதிச் சிலவற்றை எடுக்க வைத்தேன். எடுத்ததை வேறு யாரோ இறக்கி வைத்திருந்து மறுபடி போடுகிறார்கள்.

கடைக்கு வருகிற சில பேர் விஷயம் தெரிந்து என்னிடம் கேட்பார்கள். சமையல் வீடியோ போடுகிற ஒரு புருஷன் பெண்டாட்டி போன மாதம் வந்தார்கள். நெட்வொர்க்கிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, சேரலாமா என்றார்கள். சேராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முத்தியால்பேட்டை அக்காவைப் பற்றியும் சொன்னேன். வெளியே போவதற்கு முன்னால் உங்கள் வீடியோவை உங்களுக்குக் காட்டுவார்களா, பிடிக்கவில்லை என்றால் உங்கள் கையாலேயே அழிக்க முடியுமா, இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள் என்றேன். அவர்கள் தம்பியின் வீடியோவைப் பார்த்திருக்கிறார்களாம். கிளம்பும்போது அந்தப் பெண், அவருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டாள்.

தம்பி இப்போது வீடியோ எடுப்பதில்லை. பட்டறை, வீடு. யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டும் என்று செய்தி வந்தால் மட்டும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போகிறான். அப்படிக் கூப்பிடுகிறவர்களும் வெளியூர்க்காரர்கள்தான், அவனை முன்பின் அறியாதவர்கள்.

அவன் மகளுக்கு நாலு வயது. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எங்களோடு வாயாலும் அவர்களோடு கையாலும் பேசுவாள். ரெண்டு வாரத்துக்கு முன்னால் நான் அங்கே இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பாட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அத்த, அப்பா பேசுறாரு! அந்த ஆயா போன்ல அப்பா பேசுறாரு!"

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தம்பி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டான். சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னேன்.

அவன் மண்டி போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தான். நிதானமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னான். "அது நான் இல்ல."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பக்கத்து வீட்டைக் காட்டினாள். விரலால் காற்றில் ஒரு போன் வரைந்து, அதற்குள் ஒரு முகம் வரைந்தாள். அந்த விரலைக் கொண்டுவந்து அவன் கன்னத்தில் வைத்தாள்.

"நீதான்" என்றாள். பிறகு அவன் வாயைத் தொட்டு, மறுபடி பேசச் சொன்னாள்.